செல்வி அக்காவின் கழுத்து

மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா கொழுந்து பறிக்கும்போது இறந்துபோனார். மாரடைப்பு என்று சொல்லி அவசரமாகப் புதைத்தார்கள். எனக்கு அப்போது பதினாறு வயது, நம்பவில்லை. கூடப் பறித்தவர்களிடம் கேட்டேன், கூடையை மாட்டிக்கொண்டு விலகிப் போனார்கள். ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்பும் கங்காணியான அப்பா, "படிக்கிற வேலையப் பாரு" என்று சீறினார்.

உடம்பைக் குளிப்பாட்டியவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? குளிப்பாட்டியவர்களில் ஒருத்தி என் அம்மா.

"கழுத்தெல்லாம் குளவி கொட்டுன தடம்," என்றாள் அம்மா, அடுப்பைப் பார்த்தபடி. "கூடு இருக்குன்னு அவ சொல்லியும், அந்த மலைக்கு வெரட்டுனது ஒங்கப்பாதான்."

அப்பா உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "குளவிக்கூடு இருந்தது தெரியுமாப்பா?" என்றேன். அவர் கை சோற்றிலேயே நின்றது.

இன்றும் அவருக்கு நான்தான் சோறு போடுகிறேன். அந்தக் கையைப் பார்க்கிறேன். முகத்தைப் பார்க்க முடிவதில்லை.