ஒரே தட்டில் இரண்டு பூனைகள்

எழுத வந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ரேஷன் கடை வரிசையில் யாராவது எனக்கு முன்னால் புகுந்தால்கூட வாயைத் திறக்க மாட்டேன். அப்படிப்பட்டவள் பூனையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. கோபம்தான் இருக்கிறது. அது இன்னும் ஆறவில்லை.

அறந்தாங்கிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. கணவர் துபாயில் இருக்கிறார். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் நானும் மாமியாரும், ஒரு பூனையும். சாம்பல் நிறத்தில் கறுப்புக் கோடு போட்ட சாதாரணப் பூனை. ஒரு மழைக்காலத்தில் மோட்டார் ரூமில் குட்டியாகக் கிடந்தது. சமையலறை ஜன்னல்தான் அதன் இடம். நான் காய் நறுக்கும்போது வாலை என் முழங்கை மேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அந்த வீட்டில் என்னிடம் எதையும் கொண்டுவரச் சொல்லாமல் பக்கத்தில் இருக்கிற ஜீவன் அது ஒன்றுதான்.

கணவரின் அக்காவை நான் அத்தாச்சி என்று கூப்பிடுவேன். மதுரையில் இருக்கிறார். தன் மகளின் பிரசவத்துக்காகச் சிங்கப்பூர் கிளம்பும் முன் ஒரு நாள் காரில் வந்து இறங்கினார். கையில் ஒரு பிளாஸ்டிக் கூடை. உள்ளே பஞ்சுப்பொதி மாதிரி ஒரு வெள்ளைப் பெர்சியன் பூனை. மூச்சு விடவே சிரமப்படுகிற மூக்கு.

"மூணு மாசம்தான். நீ வீட்ல சும்மாதானே இருக்க, பாத்துக்க" என்றார்.

"நம்ம பூனை ஒண்ணு இருக்கே அத்தாச்சி."

"அது பூனையா? எலி புடிக்கிற சாமான். அது பாட்டுக்கு வெளிய கெடக்கும்."

"அவளுக்குப் பூனைன்னா உசுரு. நீ கவலப்படாமப் போயிட்டு வா" என்று மாமியார் என் சார்பில் சம்மதம் சொல்லிவிட்டார். காபி குடித்த டம்ளரை நான் கழுவ வைத்துவிட்டு அத்தாச்சி போய்விட்டார்.

அன்று என் பூனை சாப்பிடவில்லை. கூடையை முகர்ந்து பார்த்தது, முதுகு மயிரைச் சிலிர்த்துக்கொண்டு பின்வாங்கியது, காம்பவுண்டுச் சுவர் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. எனக்கு அது புரிந்தது. என் அடுப்படியில் என்னைக் கேட்காமல் ஒருத்தியைக் கொண்டுவந்து உட்கார வைத்தால் எனக்கும் சோறு இறங்காது.

புதுப்பூனையை நெல் மூட்டை அடுக்கும் பின்னறையில் விட்டுக் கதவைச் சாத்தினேன். இப்படித்தான் செய்ய வேண்டும் என்று யூடியூபில் ஒரு பெண் சொல்லியிருந்தார். கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு. முதலில் கதவை விட்டுத் தள்ளி வைத்தேன். சாப்பிடப் பழகிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கினேன். ஒன்றைத் துடைத்த துண்டை இன்னொன்று படுக்கிற இடத்தில் போட்டேன். துண்டைப் பார்த்து என் பூனை முதலில் சீறியது. பிறகு சும்மா முகர்ந்தது. பிறகு அதன் மேலேயே படுத்தது. ஒரு நாள் கதவின் அடியில் இருந்த இடுக்கு வழியாக வெள்ளைப் பாதம் ஒன்று நீண்டது. என் பூனை அதைத் தொட்டுப் பார்த்தது. நகம் வெளியே வரவில்லை. நான் தரையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

எங்கள் வீட்டில் எது நடந்தாலும் போனுக்குக் காட்ட வேண்டும். சுவருக்குப் பெயிண்ட் அடித்தால் காட்ட வேண்டும், போர் போட்டுத் தண்ணீர் வந்தால் காட்ட வேண்டும், நான் வைத்த குழம்பைக்கூடக் காட்ட வேண்டும். கணவர் துபாயிலிருந்து பார்த்துச் சரி, சரியில்லை என்று சொல்லுவார். அதுவும் அவருக்கு லீவு கிடைக்கிற நாளில், ரூமில் கூட இருக்கிறவர்களும் சேர்ந்து பார்ப்பார்கள். அப்படி ஒரு லீவு நாளில்தான் போன் வந்தது. சிங்கப்பூரிலிருந்து அத்தாச்சியையும் அதே வீடியோ காலில் சேர்த்திருந்தார்.

"எங்க, ரெண்டும் ஒண்ணா இருக்கா? காட்டு" என்றார் கணவர்.

"கதவுக்கு அங்கிட்டு ஒண்ணு, இங்கிட்டு ஒண்ணு இருக்குங்க. நல்லாத்தான் பழகுது. இன்னும் கொஞ்ச நாள் ஆகட்டும்."

"கொஞ்ச நாளா? கதவத் தாண்ட விசா எடுக்கணுமாக்கும்?"

ரூமில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கிறவர்களின் முகம் எனக்குத் தெரியவில்லை.

"ஏன்டி, எம்புள்ளைய ஜெயில்லயா போட்டு வச்சிருக்க?" என்றார் அத்தாச்சி.

"இதுக்குப் போயி இம்புட்டு யோசனையா?" என்று மாமியார் எழுந்தார். "ஒரே தட்டுல வச்சா ஒறவாயிரும்."

இது என் புகுந்த வீட்டு வழக்கம். புது மருமகள் வந்த அன்று நாத்தனாரோடு ஒரே இலையில் சாப்பிட வேண்டும். சாப்பிட்டால் பிறகு சண்டையே வராதாம். நானும் சாப்பிட்டேன், இதே அத்தாச்சியோடு. இலையின் ஓரத்தில் உப்பு வைத்த இடம்தான் என் பக்கம் இருந்தது. எல்லாரும் சுற்றி நின்று பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். அதன் பிறகு சண்டை வரவில்லை என்பது உண்மைதான். சண்டை போட இரண்டு பேர் வேண்டும், நான் போடவில்லை. அதை அவர்கள் ஒரே இலையின் மகிமை என்று இன்றுவரை நம்புகிறார்கள்.

மாமியார் பெரிய எவர்சில்வர் தட்டில் மீனும் சோறும் பிசைந்து பின்னறை வாசலில் வைத்தார். "அயித்தை, வேணாம்" என்றேன். "நீ போனைப் புடி, அவன் பாக்கட்டும்" என்று போனை என் கையில் திணித்துவிட்டுக் கதவைத் திறந்தார்.

வெள்ளைப்பூனை பசியில் நேரே தட்டுக்கு வந்தது. என் பூனை ஏற்கெனவே தட்டில் வாயை வைத்திருந்தது. இரண்டும் நிமிர்ந்தன. அதன் பிறகு எது எந்தப் பூனை என்று தெரியவில்லை. தட்டு கவிழ்ந்தது, சோறு சுவர் வரை தெறித்தது. நான் நடுவில் கையை விட்டேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கிழித்தது என் பூனைதான். போன் கீழே குப்புற விழுந்தது.

"ஒண்ணும் தெரியல, தூக்கிப் புடி, தூக்கிப் புடி" என்று தரையிலிருந்து கணவரின் குரல் வந்துகொண்டே இருந்தது.

என் பூனை சுவரைத் தாண்டி ஓடிவிட்டது. வெள்ளைப்பூனை நெல் மூட்டைக்குப் பின்னால் போய் மூத்திரம் பெய்துவிட்டு நடுங்கியது. நான் ரத்தம் சொட்டும் கையோடு போனை எடுத்தேன்.

"எம்புள்ளைக்கு ஒண்ணும் ஆகலயே? கண்ணு நல்லா இருக்கா பாரு" என்றார் அத்தாச்சி. என் கை அவர் பார்க்கிற திரையில்தான் இருந்தது.

"தெருப்பூனை புத்தி போகுமா?" என்றார் மாமியார். "நாளைக்கு மீன்காரன் வருவான்ல, சாக்குல போட்டுக் குடுத்துவிட்ருவோம். மீமிசல் கடக்கரையில கொண்டுபோயி விட்டா மீனத் தின்னுக்கிட்டுக் கெடக்கும்."

"அதுவும் சரிதான்" என்றார் கணவர்.

மாமியார் சொன்னதைக்கூடப் பொறுத்திருப்பேன். கணவர் யோசிக்காமல் சொன்ன அந்த 'அதுவும் சரிதான்' என்னைச் சுட்டது. குழம்பில் உப்பு சரி என்று சொல்லுகிற அதே குரல். ஒரு சாக்கு, ஒரு கயிறு, அதோடு என் ஜன்னல் காலியாகிவிடும். அதற்கு இவ்வளவுதான் நேரம் எடுத்துக்கொண்டார்.

"அது எங்கயும் போகாது" என்றேன்.

"என்ன?" என்றார் கணவர்.

"சாக்குல போட்டீங்கன்னா, நாளையிலருந்து அத்தாச்சி பூனைக்குச் சோறு வைக்கிறது யாரு, பீ அள்ளுறது யாருன்னு நீங்க மூணு பேரும் பேசி முடிவு பண்ணிக்கங்க. நான் இல்ல."

"இங்கேரு, இப்ப என்ன ஆயிருச்சுன்னு..."

"வெள்ளப்பூனை மேல எனக்குக் கோவம் இல்ல. அதையும் யாரும் கேக்காமத்தான் கூடையில போட்டுக் கொண்டாந்தீங்க. அந்தக் கதவ எப்பத் தொறக்கணும்னு நான் சொல்றேன். அதுவரைக்கும் பூனையக் காட்டுன்னு யாரும் போன் பண்ண வேணாம்."

"பேசுறது யாருடி, நீயா?" என்றார் கணவர். பின்னால் யாரோ ஒருவர் சிரித்தார்.

கட் செய்தேன். உடனே திரும்ப அடித்தது. எடுக்கவில்லை. மாமியார் என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். குனிந்து தட்டை எடுத்துக்கொண்டு போனார். சுவரில் ஒட்டிய சோற்றை நான் துடைத்தேன். சாயங்காலம் வரை போன் அடித்து அடித்து ஓய்ந்தது. பூனை வரவில்லை. தோட்டத்தில் நின்று கூப்பிட்டேன், கூப்பிடக் கூப்பிடக் கோபம்தான் ஏறியது. இதுவரை அது என்னைக் கீறியதே இல்லை. என் கையென்று தெரியாத அளவுக்கு அதைப் பயப்பட வைத்துவிட்டார்கள், வேடிக்கை பார்ப்பதற்காக.

மறுநாள் மீன்காரர் வந்து ஹாரன் அடித்தார். மாமியார் நாற்காலியை விட்டு எழவில்லை. நான் போய்க் கால் கிலோ மத்தி வாங்கினேன். பத்து மணி பஸ்ஸில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்க் கைக்கு ஊசி போட்டுக்கொண்டு வந்தேன். மத்தியானம் பூனை வந்தது. மீன் தின்றது.