நீர்வீழ்ச்சிக்குப் பின்னால் இல்லாத கதவு

ஒரு வாரமாக என் வீட்டுக்காரர் வால்தெசிருக்கு உட்கார முடியவில்லை. கையில் காபிக் கோப்பையோடு அடுப்படிக்கும் கணினிக்கும் நடை. எங்கள் கருவாரு ஊரில் இவரை பிரிட்ஜ் மெக்கானிக்காகத்தான் தெரியும். ஆனால் பழைய கார்ட்ரிட்ஜ் வீடியோ கேம்களுக்காக இவர் பதினெட்டு வருடமாக நடத்தும் இணையதளத்தை பிரேசில் முழுக்கப் படிக்கிறார்கள். முகப்பில் பெரிய எழுத்தில், ‘சரிபார்க்காத எதையும் இங்கே போடுவதில்லை’ என்று இருக்கும்.

வினையை இழுத்துவிட்டது மனவுஸ் நகரத்து பஸ் டிரைவர் எத்மில்சனின் கடிதம். ஒரு குகை விளையாட்டில் நீர்வீழ்ச்சி முன்னால் நின்று, குதிக்கும் பொத்தானை ஆயிரம் தடவை விடாமல் அமுக்கினால் ரகசியக் கதவு திறக்கும் என்று தளத்தில் இருக்கிறது. அந்த மனிதர் வருடாந்திர லீவு முப்பது நாளையும் அதற்கே போட்டிருக்கிறார். பத்தொன்பது நாளாக ஆயிரம் ஆயிரமாகத் திரும்பத் திரும்ப அமுக்கியும் திறக்கவில்லை, மணிக்கட்டு வீங்கிவிட்டது, நான் எங்கே தப்பு செய்கிறேன் என்று கேட்டிருந்தார்.

"ஏன்யா, பதில் எழுதிட்டு ஒரு இடத்துல உக்காரேன்! தலை சுத்துது எனக்கு."

"என்னத்த எழுத, இவொனெச்சி? கதவே கிடையாது. பதிமூணு வயசுல, கேம் வாடகைக் கடையில நான் விட்ட புளுகு அது."

"அடப்பாவி! அப்புறம் எதுக்குத் தளத்துல போட்ட?"

"ஜெனில்டோ பாத்தேன்னு சொன்னானே! அவன் சொன்னதும் எனக்கே சந்தேகம் வந்துருச்சு, ஒருவேளை இருக்குமோன்னு. ரெண்டு வருஷம் நானே அமுக்கிப் பாத்தேன்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். சந்தையில் செருப்புக் கடை வைத்திருக்கும் ஜெனில்டோ, இவருக்குச் சின்ன வயதிலிருந்தே சிநேகிதன், தளத்திலும் கூட்டாளி. அந்தப் பக்கத்தின் அடியில், ‘கண்ணால் கண்டவர்: ஜெனில்டோ’ என்று அவன் பெயர்தான் இருக்கிறது.

"அவன் நெசமாவே நம்பிட்டிருக்கான். இப்ப நான் உண்மையச் சொன்னா, அத்தனை பேரும் அவனப் பொய்யன்னு காறித் துப்புவாங்க. சொல்லலேன்னா அந்த டிரைவர் கை போயிரும்."

இதை வைத்துக்கொண்டா ஒரு வாரம் தரையைத் தேய்த்தார்! எனக்குப் பொறுமை போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே ஜெனில்டோவுக்குப் போன் போட்டு வரச்சொன்னேன். சோள மாவில் அவித்த குஸ்குஸைத் தட்டில் வைத்ததும் வைக்காததுமாக இவர் உண்மையைக் கொட்டிவிட்டார்.

"டேய் ஜெனில்டோ, அந்தக் கதவு பொய்டா. நான் கட்டிவிட்டது."

ஜெனில்டோ வெண்ணெயைத் தடவிக்கொண்டே, "தெரியும்" என்றான்.

"தெரியுமா? பாத்தேன்னு கடை நடுவுல நின்னு சத்தியம் பண்ணியேடா!"

"கடையே உன்னப் பாத்து கெக்கெக்கேன்னு சிரிச்சுது. நீ அழுதுருவ போல நின்ன. என்னால பாக்க முடியல, நானும் பாத்தேன்னு கையத் தூக்கிட்டேன். சரி, உப்பு எங்க?"

இவர் நின்ற இடத்திலேயே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், ஏன் மறைக்க வேண்டும்?

ஜெனில்டோ போய்க் கை கழுவிவிட்டு வந்து அந்தப் பக்கத்தைத் தானே திருத்தினான். "என் பேர எடுத்தியோ, உதைப்பேன்" என்று இவரை மிரட்டி எழுதினான்: ‘இந்தக் கதவு இல்லை. கட்டிவிட்ட பொய்யன்: வால்தெசிர். பார்த்ததாகச் சொன்ன பெரும் பொய்யன்: ஜெனில்டோ.’ இவர் எத்மில்சனுக்குத் தனியாக மன்னிப்புக் கடிதம் எழுதினார்.

மதியமே பதில் வந்தது. வாசிக்க நாக்கூசும் திட்டு, ஒன்றரைப் பக்கத்துக்கு. இவர் தலையைக் குனிந்து ஒரு வார்த்தை விடாமல் படித்தார். கடைசி வரியை மட்டும் என்னிடம் காட்டினார்.

‘அந்தப் பக்கத்தில் என்னையும் சேருங்கள். ஆயிரம் தடவை அமுக்கிய முட்டாள்: எத்மில்சன்.’