ஏழு வண்டிகள் எந்தப் பக்கம்?

மூன்று முறை சுண்ணாம்பு அடித்தும் அந்த முழக்கம் எங்கள் பள்ளி மதிலில் மங்கலாகத் தெரிந்துகொண்டேயிருந்தது. திருவிதாங்கூர்த் தமிழர்களின் எல்லைப் போராட்டம் சூடுபிடித்திருந்த வருடம். அமரவிளைக்குப் பக்கத்தில், திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் போகும் பழைய ராஜபாட்டையை ஒட்டியிருந்த மிஷன் பள்ளியில் நான் ஓவிய ஆசிரியன். தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று யாரோ மதிலில் எழுதிவிட்டுப் போக, பள்ளியிலேயே தங்கியிருந்த பியூனைப் போலீஸ் கொண்டுபோய் அடித்தது. அவருக்கு எழுதவே தெரியாது, கைநாட்டு. மூன்று நாள் அவரால் மணி அடிக்கக் கையைத் தூக்க முடியவில்லை.

இனி எழுத இடமே இருக்கக் கூடாது என்று தலைமையாசிரியர் மதில் முழுக்கப் படம் வரையச் சொன்னார். இந்தச் சாலையின் பழைய கதையை வரையும், அதில் யாருக்கும் சண்டை வராது என்றார். பாவம், நல்ல மனிதர். பாலராமபுரத்து நெசவாளர்கள், பூவாரிலிருந்து மீன்கூடையோடு வரும் பெண்கள், தலைச்சுமையை இறக்கி வைக்கும் சுமைதாங்கிக் கல், நடுவே வரிசையாக ஏழு மாட்டுவண்டிகள். வரைந்து முடித்து, என் வேலையை நானே மெச்சிக்கொண்டு நின்றேன்.

மறுநாளே தமிழ்நாட்டோடு சேரக் கேட்டவர்களில் நாலு பேர் வந்துவிட்டார்கள். "சாரே, ஏழு வண்டியும் திருவனந்தபுரத்துக்கு எதுக்குப் போவுது?" என்றார் ஒருவர். எனக்கு அது தோன்றவேயில்லை. இடமிருந்து வலமாக வரைவது என் கைப்பழக்கம். அந்த மதிலில் வலப்பக்கம் திருவனந்தபுரம், அவ்வளவுதான். எல்லாவற்றையும் திருப்பி வரைந்தேன். அடுத்து மலையாளத் தரப்பு வந்தது, எல்லாம் நாகர்கோவிலுக்கா என்று கேட்டுக்கொண்டு. "மாஷே, எல்லா வண்டியும் நாகர்கோவிலிலேக்காணோ?" பாதியாகப் பிரிக்கலாமென்றால் ஏழு பிரியாது. ஒன்றை அழித்து ஆறாக்கினால், அழித்தது யாருடைய வண்டி என்று கேட்பார்கள். நாலும் மூன்றுமாக வரைந்து பார்த்தேன். இரு தரப்பும் எண்ணிப் பார்த்துவிட்டு, தார் பூசுவோம் என்று சொல்லிப் போனார்கள். எரிச்சலாக இருந்தாலும் எனக்கு உள்ளூர ஒரு வியப்பு. நான் வரைந்த மாடு எந்தப் பக்கம் தலை வைத்திருக்கிறது என்று ஊரே கூடிப் பார்க்கும் பாக்கியம் அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவில்லை.

பியூனுக்குச் சிரிப்பு வரவில்லை. தார் விழுந்தால் போலீஸ் வரும், வந்தால் அடி அவருக்குத்தான். பள்ளிக்கு வருமுன் இதே சாலையில் வண்டி ஓட்டியவர் அவர்.

"மாட்ட அவுத்து உடும் சாரே," என்றார். "அவுத்துப் போட்ட வண்டி எங்க போவுதுண்ணு எவனும் கேக்க மாட்டான். நான் வண்டி அடிச்சவனாக்கும்."

நுகத்தடிகளைத் தரையில் சாய்த்து வரைந்தேன். மாடுகள் சுமைதாங்கியைச் சுற்றி நின்று வைக்கோல் தின்றன. இரு தரப்பும் வந்து பார்த்துவிட்டுத் தார் பூசாமல் திரும்பிப் போனார்கள். அந்த வாரமே ஓர் இன்ஸ்பெக்டர் ஜீப்பை நிறுத்தி வெகுநேரம் மதிலைப் பார்த்தார். பியூன் என் முதுகுக்குப் பின்னால் ஒட்டி நின்றார்; அவர் மூச்சு என் கழுத்தில் பட்டது. இன்ஸ்பெக்டர் ஒன்றும் கேட்காமல் ஜீப்பில் ஏறினார்.

பிறகு எல்லை பிரிந்தது. எங்கள் ஊர் கேரளத்தில் நின்றது. சிலர் அழுதார்கள், சிலர் வெடி போட்டார்கள். பியூன் அன்றும் நேரத்துக்கு மணி அடித்தார். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. வண்டி எந்தப் பக்கம் போகிறது என்று ஊரே என்னைக் கேட்டது. அடிவாங்கிய மனிதரிடம், உமக்கு எந்தப் பக்கம் போக ஆசை என்று நான்கூட ஒரு தடவை கேட்கவில்லை.