திங்கட்கிழமை பத்து நிமிடம்

திருமுருகன்பூண்டியில் மகுடேஸ்வரனின் பனியன் கம்பெனியில் சின்னானுக்குப் பதவி, ஜெனரேட்டர் ஆபரேட்டர். பதினாலு வருடத்துக்கு முன்னால் அது உண்மையிலேயே பதவிதான். நாளுக்கு எட்டு மணி, பத்து மணி நேரம் கரண்ட் போன காலம். விளக்கு அணைந்து தையல் மெஷின்கள் ஊமையானதும் கட்டிங் மாஸ்டரிலிருந்து முதலாளி வரைக்கும் "சின்னான் எங்கே?" என்பார்கள். அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். அதிகாரம் கையில் இருக்கும்போது மனிதன் கொஞ்சம் மெதுவாகத்தான் நடக்கிறான்.

அப்புறம் கரண்ட் ஒழுங்காக வரத் தொடங்கியது. ஊருக்கு நல்லது. சின்னான் துணி மூட்டை இறக்கினார், குழாய் ஒழுகினால் அடைத்தார், தண்ணீர் கேன் மாற்றினார். ஆனாலும் சம்பள லிஸ்டில் அவர் பெயருக்கு எதிரே இன்னும் ஜெனரேட்டர் ஆபரேட்டர் என்றே இருந்தது. திங்கட்கிழமை தவறாமல் காலையில் பத்து நிமிடம் ஜெனரேட்டரை ஓட்டி, எண்ணெய் பார்த்து, பேட்டரி முனையைத் துடைத்து வைப்பார். யாரும் சொல்லிச் செய்ததில்லை. மாதத்துக்கு எத்தனை மணி ஓடுகிறது என்று முதலாளி கேட்டதில்லை, இவரும் வாயைத் திறந்ததில்லை. ஐம்பத்து நாலு வயதில் அதுதான் புத்திசாலித்தனம்.

இந்த நிலையில்தான் அரசாங்கம் ஜெனரேட்டர்களைக் கணக்கெடுக்க ஆள் அனுப்பியது. எதற்கு என்று ஒருவருக்கும் தெரியவில்லை, அதனால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பக்கத்துக் கம்பெனி தரணீதரன், வரி போடத்தான் என்றார். மகுடேஸ்வரனுக்குக் கிடைத்த சேதி வேறு. நிறைய ஓட்டுகிறவர்களுக்கு கேஸ் எஞ்சினுக்கு மாற மானியமாம்.

"சின்னா, கேட்டா மாசம் அறுவது மணி நேரம்னு சொல்லிப் போடு."

"அறுவதுங்களா?"

"எழுவதுன்னாலும் செரிதான்."

சின்னான் ஜெனரேட்டர் கூண்டுக்குள் போய் நின்றார். ஓடிய மணியைக் காட்டும் மீட்டரில் 6,230. அதற்குப் பக்கத்தில் கதவின் உட்புறம், வருடா வருடம் எண்ணெய் மாற்றிய தேதியும் அன்றைய மீட்டர் எண்ணும் அவர் கையெழுத்திலேயே வரிசையாக இருந்தன. போன வருடம் இதே மாதம் 6,212. திங்கட்கிழமை ஓட்டமும் எப்போதாவது கரண்ட் போன நேரமும் சேர்த்து வருடத்துக்குப் பதினெட்டு மணி. மாதத்துக்கு ஒன்றரை. ஒன்றரை மணி நேர வேலைக்கு ஒரு ஆளா என்று முதலாளி ஒரு தரம் யோசித்தால் போதும், சின்னான் வெளியே நிற்க வேண்டியதுதான்.

கையில் துடைக்கிற பனியன் வேஸ்ட் துணி இருந்தது. டீசலில் நனைத்து ஒரு இழுப்பு இழுத்தால் அத்தனை வரியும் போய்விடும். நனைத்தும் விட்டார். ஆனால் துடைக்கக் கை வரவில்லை. அதையும் அழித்துவிட்டால் இத்தனை வருடம் என்ன செய்தாய் என்று கேட்பவருக்குக் காட்ட வேறெதுவும் இல்லை. துணியால் டேங்க் மூடியைத் துடைத்துவிட்டு வெளியே வந்தார்.

பதினோரு மணிக்கு, கையில் டேப்லெட்டோடு சுபஸ்ரீ என்ற பெண் கணக்கெடுக்க வந்தாள். கூடவே வேடிக்கை பார்க்கத் தரணீதரன்.

"மாசம் எத்தனை மணி ஓடுதுங்க?"

"அறுவதுங்க" என்றார் மகுடேஸ்வரன்.

சுபஸ்ரீ மீட்டரைப் படமெடுத்தாள். கதவைப் படித்தாள்.

"இதெழுதினது யாருங்க?"

"நானுங்க" என்றார் சின்னான்.

"இதும்படி மாசம் ஒன்றரை மணிதான் வருதுங்க."

மகுடேஸ்வரன் சின்னானைப் பார்த்த பார்வையில் மானியம் போன கோபம் பாதி. மீதிப் பாதி இப்போதுதான் முளைத்த ஒரு கணக்கு. சின்னான் அதற்குத்தான் பயந்திருந்தார்.

"ஒன்னரை மணியா? அப்ப மிச்ச நேரத்துக்கு?"

சின்னான் பதில் சொல்லும் முன் சுபஸ்ரீ குறுக்கிட்டாள். "ஓடுற நிலைல இருக்குதான்னு பாக்கோணுமுங்க. ஸ்டார்ட் பண்ணுங்க."

சின்னான் சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பு. ஒரு இருமல்கூட இல்லாமல் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

சுபஸ்ரீ நிமிர்ந்தாள். "இந்த வீதில ஒம்போது பாத்துட்டு வாரனுங்க. ஓடுனது இது ஒன்னுதான். ஒன்னுல எலி குட்டி போட்டிருக்குது."

"அது நம்மளுது" என்றார் தரணீதரன், வெட்கமே இல்லாமல். பிறகு மகுடேஸ்வரன் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, உங்க ஆள எனக்கு உடுங்களேன். நாளைக்கே வரச் சொல்லுங்க."

"ஆபரேட்டர் முழு நேரமுங்களா, பகுதி நேரமுங்களா?" சுபஸ்ரீயின் விரல் திரையின் மேல் காத்திருந்தது.

"பகுதின்னு போடு கண்ணு. மீதிய நான் வெச்சுக்கறேன்" என்றார் தரணீதரன்.

மகுடேஸ்வரன் அவரை ஒரு பார்வை பார்த்தார். ஒரு நிமிடம் முன்பு தன்னிடம் வேண்டாததாக இருந்தது, அடுத்தவன் கை நீட்டியதும் தன் சொத்தாகிவிட்டது.

"முழு நேரம்" என்றார். "பதினாலு வருசமா முழு நேரம். அப்படியே போடுங்க."

அதில் அன்பு எவ்வளவு, வீம்பு எவ்வளவு என்று சின்னானுக்குத் தெரியும். வீம்பே அதிகம். ஆனால் திரையில் விழுந்த டிக்குக்கு அந்த வித்தியாசம் தெரியாது. சுபஸ்ரீ நீட்டிய இடத்தில் சின்னான் விரலால் கையெழுத்துப் போட்டார்.

"எஞ்சினை நிறுத்துறது" என்றார் மகுடேஸ்வரன். "டீசல் போகுதல்ல."

"பத்து நிமிசம் ஆகலீங்க" என்றார் சின்னான், நகராமல்.