இயந்திரத்துக்கு முன்னால் பெருக்கியவர்

கொடைக்கானலில் ஓர் இயந்திரத்துக்கு வேலையாளாக இருந்த முதல் ஆள் தான்தான் என்று சுரேந்திரன் சொல்லிக்கொள்வார். சொல்லிவிட்டு, யாரும் சிரிப்பதற்கு முன்னால் தானே சிரித்துவிடுவார்.

ஏரிக்கு மேலே சரிவில் இருக்கும் டாக்டர் ரோகிணியின் பங்களாவில் பதினெட்டு வருஷமாகக் காவலும் சாவிக்கொத்தும் அவர் பொறுப்பு. டாக்டரம்மா இருப்பது சென்னையில். சீசனுக்கும் பூஜை லீவுக்கும்தான் மலையேறுவார். பங்களாவின் பின்பக்கம் இரண்டு அறைக் குவார்ட்டர்ஸ். அதில் சுரேந்திரனும் மனைவி அமிர்தவல்லியும் குடியிருந்தார்கள். பன்னிரண்டு வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தின் வரிசைக் குடியிருப்பான லயத்தை விட்டுக் கப்பலேறி மண்டபம் முகாமுக்கு வந்தவர் அவர். தோட்டம் கொடுத்த அறை, முகாம் கொடுத்த அறை, இப்போது பங்களா கொடுத்த அறை. குடியிருந்த எதுவும் அவருடையது இல்லை. அப்பா அங்கே ஆட்களை ஏவி வேலை வாங்கும் கங்காணியாக இருந்தார் என்ற பெருமை மட்டும்தான் எந்தச் சோதனையிலும் பிடிபடாமல் கடல் தாண்டி வந்து சேர்ந்திருந்தது.

இரண்டாயிரத்து ஏழில் ரோகிணியின் தம்பி அமெரிக்காவிலிருந்து அந்தச் சாமானை அனுப்பிவைத்தார். தோசைக்கல் அகலத்தில், வட்டமாக, இரண்டு சக்கரத்தோடு ஒரு பெருக்கும் ரோபோ. பொத்தானை அமுக்கினால் தானே ஓடும், தானே திரும்பும், குப்பையை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். டாக்டரம்மா ஓட்டிக் காட்டியபோது சுரேந்திரன் வாய் பிளந்து நின்றார். ஏவுவதற்கு ஆள் இல்லாமலே இத்தனை வருஷம் ஓட்டிய கங்காணி மகனுக்கு, எதிர்த்துப் பேசாத ஒரு ஆள் கிடைத்திருந்தது.

அந்த வேகத்தில்தான் நாக்கு முந்திக்கொண்டது. பங்களாவைப் பெருக்கித் துடைக்க வில்பட்டியிலிருந்து பதினோரு வருஷமாக வந்துகொண்டிருந்தவள் காளியாயி. அவளைப் பற்றி டாக்டரம்மா கேட்கவேயில்லை. இவராகவே சொன்னார்.

"இனி பெருக்குறதுக்குன்னு தனியா ஆள் எதுக்கும்மா? எல்லாம் இது பாத்துக்கும். நான் இருக்கேன்ல."

மறுநாள் காளியாயியிடம் விஷயத்தைச் சொன்னவரும் அவரே. அவள் சண்டை போடவில்லை. புடவைத் தலைப்பை உதறிச் செருகிக்கொண்டு, "சரிண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அது அவருக்கு அன்றைக்கே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனால் ரோபோ சார்ஜ் ஏறிவிட்டதென்று கூப்பிட்டது. போய்விட்டார்.

தினமும் காலை ஏழு மணிக்குப் பெரட்டு. தோட்டத்தில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவதற்கு அதுதான் பேர். இங்கே நிற்பது ஒரே ஆள், பேரும் கிடையாது. இருந்தாலும் சுரேந்திரன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "ம்... கிளம்பு" என்பார். அமிர்தவல்லி தலையில் அடித்துக்கொள்வாள்.

கிளம்பிய ஆள் முதல் வாரத்திலேயே குணத்தைக் காட்டிவிட்டது. கம்பளத்தின் குஞ்சலத்தை விழுங்கிவிட்டு விக்கி நின்றது. நாற்காலிக் கால்களுக்கு நடுவில் புகுந்துவிட்டு வெளியே வர வழி தெரியாமல் முட்டிக்கொண்டு கிடந்தது. கணப்பு மாடத்துக்குள் போய்க் கரியைப் பூசிக்கொண்டு வந்து, கூடம் முழுக்க அதை இழுத்துவிட்டது. ஊசியிலைச் சருகு ஈரமாக இருந்தால் அதற்கு ஆகாது. கரண்டு போனால் பட்டினி. மழை நாளில் யாராவது செருப்புச் சேற்றோடு நடந்துவிட்டால், அந்தச் சேற்றை அழகாக எல்லா அறைக்கும் சமமாகப் பங்கிட்டுக் கொடுத்தது.

ஆகவே சுரேந்திரன் ஆறு மணிக்கே எழுந்தார். கம்பளங்களைச் சுருட்டினார். இருபத்திரண்டு நாற்காலிகளையும் மேஜை மேல் கவிழ்த்தார். கணப்புக்குப் பலகை வைத்து அடைத்தார். பிறகு, ரோபோ அழுக்காகிவிடக் கூடாதே என்று, பூந்துடைப்பத்தை எடுத்து வீடு முழுவதையும் ஒருமுறை பெருக்கினார். அதற்கப்புறம்தான் பெரட்டு. ஓடி முடித்ததும் அது விட்ட மூலைகளை மறுபடி பெருக்கினார். கடைசியில் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, அதன் வயிற்றிலிருந்து முடியையும் நூலையும் வெட்டி எடுத்தார். இடுப்பு விட்டுப்போனது.

சென்னையிலிருந்து போன் வந்தால் மட்டும், "வீடு கண்ணாடி மாதிரி இருக்கும்மா. எல்லாம் அதுவே பாத்துக்குது" என்பார். வேறு எப்படிச் சொல்வது? வேண்டாம் என்று ஆளை நிறுத்தியது அவரல்லவா?

"பொய் சொல்றதுக்கும் ஒரு மிஷின் அனுப்பிருக்கலாம் அந்த அமெரிக்காத் தம்பி" என்றாள் அமிர்தவல்லி.

இப்படியே ஒரு வருஷம் ஓடியது. சீசனுக்கு டாக்டரம்மா வந்திருந்த நாட்களிலும், அவர் கண் விழிப்பதற்குள் இவர் பெருக்கி முடித்துவிடுவார். அடுத்த ஆயுத பூஜை வந்தது. அரிவாள், மண்வெட்டி, தண்ணீர் மோட்டார் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தவர், வீட்டிலேயே விலை உயர்ந்த ஆயுதத்தை விட்டுவிடுவாரா? ரோபோவுக்கு முதுகில் மூன்று பட்டை விபூதி போட்டார். அதோடு விட்டிருக்கலாம். வேலை செய்வது அடிப்பக்கம்தானே என்று ஒரு நியாயம் தோன்றியது. மல்லாக்கப் போட்டு, விளிம்பை ஒட்டிப் பளபளத்த நாலு சின்னக் கண்ணாடிகளுக்கும் சந்தனத்தைக் கெட்டியாக அப்பினார். பள்ளம் எது, படி எது என்று அது கண்டுகொள்வது அந்த நாலு கண்களால்தான் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

வண்டிகளுக்கு வைப்பதுபோல் முன்னால் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்துப் பொத்தானை அமுக்கினார். அது பழத்தை நசுக்கவில்லை. முட்டி முட்டி உருட்டிக்கொண்டு போனது. சாம்பிராணிப் புகைக்காகத் திறந்து வைத்திருந்த வாசல் வழியாக வராந்தாவுக்கு வந்தது. வழக்கமாகப் படி ஓரத்தில் நின்று திரும்பும் சாமான், அன்றைக்கு நிற்கவில்லை. முதலில் பழம் போனது, பின்னாலேயே அதுவும் போனது. பதினோரு கல் படிகள். கீழே போய் எடுத்தபோது ஒரு சக்கரம் தனியாகக் கையில் வந்தது.

அன்று சாயங்காலமே போன் வந்தது.

"சுரேந்திரன், இந்தத் தடவை பூஜைக்கு வர முடியல, ஞாயித்துக்கிழமை வர்றேன். ஒரு விஷயம் பேசணும். வீட்டை அந்த ரோபோவே நல்லா பார்த்துக்குதுன்னு நீங்கதான் சொல்றீங்க. காவலுக்கு ஏஜென்சிக்காரங்க வாரம் ரெண்டு தடவை வந்து பார்க்கறேங்கறாங்க. அப்புறம் குவார்ட்டர்ஸ்ல ஒரு குடும்பம் எதுக்குன்னு யோசிக்கிறேன்."

போனை வைத்தார். மறுபடியும் ஒரு வீட்டைக் காலி பண்ண வேண்டும் என்ற பயம் வந்தது. ரோபோ ஓடினால் அவர் வேண்டியதில்லை. ஓடவில்லையென்றால் உடைத்தவர் அவர். இரண்டு பக்கத்துக் கதவையும் யாரோ எதிரி பூட்டவில்லை. தானே பூட்டிச் சாவியையும் இடுப்பில் செருகிக்கொண்டிருந்தார்.

மறுநாள் வெள்ளனே பஸ் பிடித்து வில்பட்டிக்குப் போனார். காளியாயி கேரட் கழுவும் இடத்தில், முழங்கால் வரை சேற்றுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள்.

"தாயி, மனுசன் பெருக்குறது மாதிரி மிஷின் பெருக்காதுன்னு டாக்டரம்மாட்ட நீ ஒரு வார்த்தை சொல்லணும்."

அவள் கேரட்டை அலசிக்கொண்டே கேட்டாள். "இந்த வார்த்தைய போன வருசம் நீங்க சொல்லிருக்கலாம்லண்ணே?"

சுரேந்திரன் கரையில் உதிர்ந்து கிடந்த ஒரு கேரட்டை எடுத்துக் குவியலில் போட்டார்.

"எனக்குச் சோலி கெடக்கு. நீங்க வெரசா போயி, உள்ளத உள்ளபடி அந்தம்மாட்ட சொல்லுங்க" என்றாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவருக்கு வெட்கமாக இருந்தது. பதினோரு வருஷம் கூட வேலை பார்த்தவளை ஒரு தோசைக்கல்லுக்காக அனுப்பியிருக்கிறோமே என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை டாக்டரம்மா காரை விட்டு இறங்கியதும், சக்கரத்தை ஒரு கையிலும் ரோபோவை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு சுரேந்திரன் எல்லாவற்றையும் சொன்னார். விபூதி, சந்தனம், எலுமிச்சம்பழம், ஆறு மணிப் பெருக்கல், எதையும் விடவில்லை.

ரோகிணி உள்ளே போய்க் கூடத்தைப் பார்த்தார். தரையில் தூசி இல்லை. மூலைகளில் ஒட்டடை இல்லை.

"இந்த ஒரு வருஷமும் பெருக்கினது நீங்களா?"

"நாந்தாம்மா. அது ஓடுறதுக்கு முன்னால ஒருக்கா, பின்னால ஒருக்கா."

டாக்டரம்மா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. அன்று மத்தியானமே கார் வில்பட்டிக்குப் போய்க் காளியாயியை அழைத்துவந்தது. கூடத்தில் வைத்து ரோகிணி சொன்னார்.

"குவார்ட்டர்ஸ்ல நீங்க இருங்க, சுரேந்திரன். அதுக்குப் பயப்பட வேண்டாம். ஆனா நான் ஊர்ல இல்லாதப்ப இங்க நடக்கறது எனக்கு உண்மையா தெரியணும். பொறுப்பைக் காளியாயி பார்த்துக்கட்டும். சாவியை அவங்ககிட்ட குடுத்துடுங்க."

"அப்ப நான் என்ன பண்றதும்மா?"

"நீங்கதான் நல்லா பெருக்கறீங்களே."

கங்காணி மகன் பதினெட்டு வருஷச் சாவிக்கொத்தை அவிழ்த்து நீட்டினார். காளியாயி அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பிறகு குனிந்து சோபாவுக்கு அடியில் பார்த்தாள்.

"அண்ணே, இங்கிட்டு விட்டுப்போச்சு."

சுரேந்திரன் பூந்துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தார்.