வெறும் வயிற்றில் இரண்டு குளிசை

பாங்கு கேட்டதும் எல்லோர் கையும் பேரீச்சம்பழத்துக்குப் போனது. வாப்பாவின் கை மட்டும் சட்டைப் பைக்குப் போனது. இரண்டு குளிசை, ஒரு மிடறு தண்ணீர், நோன்பு திறந்தாயிற்று. இந்த வீட்டில் யாராவது வாயைத் திறக்க வேண்டும், அது நான்தான் என்று எனக்குப் பட்டது அப்போதுதான்.

வாப்பா மருதமுனையில் தறி நெய்பவர்; நான் அவருடைய இளைய மகள், உயிரியல் படிப்பவள். மூட்டுவாதத்தில் முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தன. கல்முனை டொக்டர் எழுதிக் கொடுத்தது ஒரு குளிசை, அதுவும் சாப்பிட்ட பிறகு. மற்றது எனக்கு மூத்த ராத்தாவின் மாப்பிள்ளை தந்தது. சவூதியில் லொறி ஓட்டும் மச்சான் லீவில் வரும்போது ரேடியோவும் சென்ட்டும் டப்பா நிறைய வெள்ளைக் குளிசையும் கொண்டுவந்திருந்தார். கூடவே வைத்தியமும்.

"மாமா, கஞ்சி உள்ள போனா மருந்துட வேகம் கொறைஞ்சிரும். வெறும் வயித்துல போடுங்க, தறாவீஹ்ல முழங்கால் தன்னால மடங்கும்."

அந்த இரவுத் தொழுகையில் இருபது ரக்அத்தும் நின்று தொழ ஆசைப்பட்ட மனிதருக்கு இது போதாதா?

"ரெண்டும் ஒரே வகை மருந்தா இருந்தா வயிறு புண்ணாகும் மச்சான். டொக்டரக் கேட்டீங்களா?" என்றேன்.

"மச்சி, நீ படிக்கிறது தவளைய வெட்டுற படிப்பு. வாப்பா என்ன தவளையா?"

வீடே சிரித்தது. வாப்பாவும் சிரித்தார், நெஞ்செரிவில் மார்பைத் தடவிக்கொண்டே. லொறியின் சக்கரத்தைக் கழற்றத் தெரிந்தவருக்கு மனிதக் குடலும் தெரியும் என்று நம்புகிற வீடு எங்களுடையது.

பெருநாளுக்கு முன்பே வாப்பா கிணற்றடியில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். வெளிக்குப் போனது தார் மாதிரிக் கறுப்பாக இருந்ததாம். உம்மா அழுதுகொண்டே சொன்னா.

"பேரீச்சம்பழம் கூடிட்டு, வேற ஒண்டுமில்ல" என்றார் மச்சான்.

நான் அவரோடு மல்லுக்கட்டாமல் கார் பிடிக்க ஓடினேன். ஆஸ்பத்திரியில் டொக்டர் இரண்டு குளிசையையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "ரெண்டும் ஒரே சாமான். வயித்துக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்கு. இனி இந்த வகை வேணாம். நோவுக்கு பரசிட்டமோல், அதுவும் சொன்ன அளவு. பொறகு, கதிரையில இருந்து தொழுங்க, அல்லாஹ் ஏத்துக்குவான்."

"ஓம் சேர்" என்றார் வாப்பா, பள்ளிக்கூடப் பிள்ளை போல. நான் சொன்னபோது சிரித்த அதே வாய்.

இரத்தம் ஏற்றி அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மச்சானுக்கு வெட்கம் வந்ததா? "அவருக்கு ஒத்துக்கல்ல" என்று சொல்லிவிட்டு, மிச்சக் குளிசையை எங்கள் ஒழுங்கை வீடுகளில் உள்ள முழங்கால்களுக்கெல்லாம் பங்கிட்டுவிட்டுச் சவூதிக்குத் திரும்பினார். வாங்கிப் போட்டவர்களும் அவரை வள்ளல் என்றார்கள்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுபடி வருகிறாராம். குளிர் தொடங்கிய நாள் முதல் வாப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "உங்கட மச்சான் எப்ப வாறாராம்?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். அதனால் இந்த வெள்ளிக்கிழமை, பெண்கள் கூடித் தொழும் வீட்டில் எழுந்து பேசப்போகிறேன். வீட்டிலிருக்கிற குளிசைகளையெல்லாம் எடுத்துவரச் சொல்லி, அள்ளிக்கொண்டு டொக்டரிடம் போவேன். மச்சானின் பெட்டியையும் வந்திறங்கியவுடன் நானே திறப்பேன். சென்ட்டை அவர் வைத்துக்கொள்ளட்டும்.