வேலை கிடைக்காத படிப்பு

இன்று புளியங்குடி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கடைசித் தம்பி சொன்னான்: "யக்கா, எங்க சின்னவள ஒன்ன மாதிரி தத்துவத்துல சேத்துவிடலாம்னு பாக்கேன். கல்யாணம் வரைக்கும் பொழுது போவும்லா."

நான் தத்துவத்தில் சேர்ந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். கெமிஸ்ட்ரிக்கு வேண்டிய மார்க் என்னிடம் இருந்தது. அட்மிஷன் மேசையில் அப்பா கிளார்க்கிடம் கேட்டார்: "வேலைக்குப் போறேன்னு நிப்பா சார். வேலை கிடைக்காத படிப்பு ஏதும் இருக்கா?"

கிளார்க் சிரித்துக்கொண்டே தத்துவம் என்று எழுதினார்.

அந்தப் படிப்பு எனக்குப் பிடித்துப்போகும் என்று அப்பா நினைக்கவில்லை. ஒன்று உண்மை என்று நமக்கு எப்படித் தெரியும் என்று வகுப்பில் மாதக்கணக்கில் சண்டை போட்டோம். கடைசி வருடம் நான்தான் முதலாவது. எம்.ஏ. படிக்க அனுப்பச் சொல்லி எங்கள் பேராசிரியை பஸ் ஏறி சங்கரன்கோவில் வீட்டுக்கே வந்தார். அப்பா அவருக்குக் காப்பி கொடுத்து, என் கல்யாணப் பத்திரிகையையும் கொடுத்து அனுப்பினார்.

அந்தக் காப்பியைப் போட்டது நான்தான்.

இன்று தம்பியிடம் கேட்டேன்: "பிள்ள என்ன படிக்கணுங்கா?"

"நர்ஸிங் கேக்கா. படிச்சா வெளிநாட்டுக்குப் போயிருவா. அதான்."

"ஏலே, நான் அத ஆசையாப் படிச்சேன். பிள்ளையள வீட்டுல அடச்சி வைக்கதுக்கு உள்ள படிப்பு இல்லல அது!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

தென்காசிப் பக்கம் நல்ல நர்ஸிங் கல்லூரி தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். தயங்க வேண்டாம், தம்பி முகநூலில் இல்லை.